சளிக் காய்ச்சலில் கண் ஏன் சிவக்கிறது? கண்ணின் மேற்பரப்புச் செல்கள் வைரஸைக் கண்டால் என்ன செய்கின்றன?

இரவுப்பூ:
எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் என் மகளுக்குக் காய்ச்சலும் தொண்டை வலியும். மூன்றாம் நாள் காலையில் எழுந்தபோது வலது கண் இமைகள் ஒட்டிக்கொண்டு திறக்கவே வரவில்லை. வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து, ஒற்றி ஒற்றி எடுத்துத்தான் திறந்தோம். உள்ளே செக்கச்செவேல் என்று இருந்தது. மருத்துவர் பார்த்துவிட்டு, "அடினோவைரஸ் மாதிரி இருக்கிறது. தொண்டையில் இருப்பதுதான் கண்ணிலும் இருக்கிறது, தானாகவே சரியாகும்" என்றார். சரியாகியும் விட்டது.

எனக்குத்தான் கேள்வி தீரவில்லை. மூக்கையும் தொண்டையையும் பிடிக்கிற வைரஸுக்குக் கண்ணில் என்ன வேலை? அங்கே விழுந்ததும் கண்ணின் மேலிருக்கிற செல்கள் சும்மா பார்த்துக்கொண்டு இருக்குமா? அந்தச் சிவப்பு வைரஸ் செய்வதா, நம் உடம்பு செய்வதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பள்ளியில் உயிரியல் படித்ததோடு சரி, அதனால் கொஞ்சம் எளிமையாக.

செல்வாசல்:
அக்கா, நான் ஆராய்ச்சி மாணவி. கார்னியாச் செல்களை வளர்த்துப் பார்ப்பதுதான் என் அன்றாட வேலை. நீங்கள் கடைசியாகக் கேட்டீர்களே, சிவப்பு யார் செய்வது என்று, அதற்குச் சுருக்கமான பதில்: பெரும்பாலும் நம் உடம்பு. ஆனால் அந்தப் பதில் புரிய வேண்டுமென்றால் இடத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கண்ணின் முன்புறம் இரண்டு பகுதிகள். நடுவில் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருப்பது கார்னியா. அதைச் சுற்றி வெள்ளை விழியையும் இமையின் உட்புறத்தையும் போர்த்தியிருக்கிற மெல்லிய ஈரச் சவ்வு கன்ஜங்டைவா. இரண்டின் மேலும் கண்ணீர்ப் படலம் பரவியிருக்கிறது. அதன் தடிமன் சுமார் 3 மைக்ரோமீட்டர்தான், ஆனால் வெறும் உப்புத் தண்ணீர் இல்லை. லைசோசைம் இருக்கிறது (அலெக்சாண்டர் ஃபிளெமிங் பெனிசிலினுக்கு முன்பே, 1922இல் கண்டறிந்தது, பாக்டீரியாவின் சுவரை உடைக்கும்), லாக்டோஃபெரின் இருக்கிறது, வைரஸைப் பிடித்து வைக்கும் ஐ.ஜி.ஏ எதிர்ப்பொருள் இருக்கிறது. கன்ஜங்டைவாவில் உள்ள கோப்பை வடிவச் செல்கள் மியூசின் என்ற வழவழப்பான பொருளைச் சுரந்து இதில் கலக்கின்றன.

அதற்குக் கீழேதான் எபிதீலியச் செல்கள், அதாவது மேற்பரப்பைப் போர்த்தியிருக்கிற செல்கள். கார்னியாவில் 5 முதல் 7 அடுக்கு, மொத்தம் 50 மைக்ரோமீட்டர் அளவு. மேலடுக்குச் செல்கள் ஒன்றோடு ஒன்று இறுக்கமாகத் தைத்த மாதிரி ஒட்டியிருக்கும், இடுக்கில் எதுவும் நுழைய முடியாது. மேலே உள்ளவை உதிர, கீழிருந்து புதியவை ஏறி வரும். ஒரு வாரம், பத்து நாளில் அந்த அடுக்கு முழுக்கப் புதிதாகிவிடும். ஆக, ஒரு செல்லுக்குள் வைரஸ் நுழைந்துவிட்டாலும் அந்தச் செல்லே சீக்கிரம் உதிர்ந்து போகக்கூடியதுதான்.

இன்னொன்று. கண்ணாடி முன் நின்று கீழ் இமையை லேசாக வெளிப்பக்கம் இழுத்து, மூக்கை ஒட்டிய மூலையில் பாருங்கள். இமை விளிம்பில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை தெரியும். கண்ணீர் வடிகிற வாய் அது. அங்கிருந்து ஒரு குழாய் நேராக மூக்குக்குள் இறங்குகிறது. கண்ணில் சொட்டு மருந்து விட்ட கொஞ்ச நேரத்தில் தொண்டையில் கசக்கிறதே, அது இந்த வழியாக வருவதுதான். மூக்குக்கும் கண்ணுக்கும் என்ன உறவு என்று கேட்டீர்கள். ஒரே வீட்டின் இரண்டு அறைகள் அக்கா.

பழுப்புநாரை:
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியன் நான். செல்வாசல் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம். கென்னத் மேக்ஸி என்ற அமெரிக்க மருத்துவர் 1919இலேயே இதைச் சோதித்துப் பார்த்தார். ஆபத்தில்லாதது என்று அன்று கருதப்பட்ட ஒரு பாக்டீரியாவைத் தன்னார்வலர்களின் கண்ணில் விட்டார். அதன் நிறம் சிவப்பு, அதனால் அடையாளம் காண்பது எளிது. சில நிமிடங்களில் அது மூக்கில் கிடைத்தது. இன்ஃபுளுவென்சாப் பெருந்தொற்று உலகத்தை உலுக்கிக்கொண்டிருந்த காலம். முகமூடி போட்டால் போதுமா, கண்ணைத் திறந்து வைத்திருக்கிறோமே என்ற கவலையில் எழுந்த கேள்வி.

எனக்கு ஒரு சந்தேகம். கொரோனா காலத்தில், வைரஸ் பற்றிக்கொள்ளும் ஏ.சி.இ.2 ஏற்பி கண்ணின் மேற்பரப்பிலும் இருக்கிறது என்று படித்தேன். 2020 ஜனவரியில் பெய்ஜிங் மருத்துவர் வாங் குவாங்ஃபா, முகமூடி அணிந்திருந்தும் கண்ணாடி அணியாததால் கண் வழியாகத் தொற்றியிருக்கலாம் என்று சொன்னார். அப்படியானால் கொரோனாவுக்குக் கண்தானே திறந்த வாசல்? ஆனால் நோயாளிகளில் கண்நோய் வந்தவர்கள் குறைவு. இது எப்படி ஒத்துப்போகிறது?

செல்வாசல்:
ஐயா, மேக்ஸி பற்றிச் சொன்னதற்கு நன்றி. உங்கள் சந்தேகம்தான் இந்தத் துறையில் பலரையும் குழப்பிய இடம்.

ஏற்பி இருப்பது வேறு, தொற்று நடப்பது வேறு. பூட்டு இருக்கிறது, சாவியும் பொருந்துகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போன பிறகு வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்ள வேண்டும். செல் விடாது. தானமாகக் கிடைத்த மனிதக் கார்னியாக்களில் மூன்று வைரஸ்களை விட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2020இல் வெளிவந்தது. ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் பெருகியது. ஜிகா வைரஸ் பெருகியது. கொரோனா வைரஸ் பெருகவில்லை. எனக்கு அதில் பிடித்த விஷயம் அடுத்தது. இன்டர்ஃபெரான் என்பது செல் விடும் எச்சரிக்கைப் புரதம். கார்னியாவின் முக்கியக் காவலான லாம்டா வகை இன்டர்ஃபெரானைத் தடுத்துவிட்டுப் பார்த்தார்கள். ஹெர்பிஸும் ஜிகாவும் இன்னும் அதிகமாகப் பெருகின. கொரோனா அப்போதும் பெருகவில்லை. அதாவது, அதை நிறுத்துவது வேறு ஏதோ.

ஆனால் கார்னியாவை வைத்துக் கண் முழுவதையும் முடிவு கட்டக் கூடாது. கன்ஜங்டைவாத் திசுவில் செய்த வேறொரு சோதனையில் கொரோனா வைரஸ் பெருகியது, 2003இன் சார்ஸ் வைரஸை விட அதிகமாகவே. கார்னியாவும் கன்ஜங்டைவாவும் சந்திக்கிற வளையத்தில், கார்னியாவின் ஸ்டெம் செல்கள் குடியிருக்கும் லிம்பஸ் பகுதியில், செல்கள் தொற்றுக்கு ஆளாவதாக இன்னொரு குழு கண்டது. ஒரே கண்ணில் சில மில்லிமீட்டர் இடைவெளியில் செல்களின் குணம் மாறுகிறது. "கண் வழியாகக் கொரோனா வருமா" என்று மொத்தமாகக் கேட்பதால்தான் பதில் குழம்புகிறது.

அப்புறம், கண்ணில் பெருகாத வைரஸும் கண் வழியாக மூக்குக்குப் போகலாம். அந்தக் குழாய் இருக்கிறதே. அதற்குக் கண்ணின் செல் அனுமதி கொடுக்க வேண்டியதே இல்லை. குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல் தரும் ஆர்.எஸ்.வி வைரஸைப் பெரியவர்களின் மூக்கிலும் கண்ணிலும் வாயிலும் தனித்தனியே விட்டுப் பார்த்த சோதனை 1981இல் வெளியானது. மூக்கும் கண்ணும் கிட்டத்தட்டச் சமமாகத் தொற்றின. வாய் வழியாகத் தொற்றுவது குறைவாகவே இருந்தது. சளி பிடித்த குழந்தையைத் தூக்கிவிட்டுக் கண்ணைக் கசக்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இரவுப்பூ:
தங்கச்சி, செல் "விடாது" என்றீர்களே. எப்படி விடாது? அதற்கு எப்படித் தெரியும் உள்ளே வந்தது வைரஸ் என்று?

செல்வாசல்:
அக்கா, இதைச் சொல்லத்தான் காத்திருந்தேன்.

செல்லுக்குக் கண் கிடையாது, ஆனால் தடவிப் பார்க்கத் தெரியும். பல வைரஸ்கள் பெருகும்போது இரட்டை இழை ஆர்.என்.ஏ உருவாகும். நம் செல்லில் அப்படி நீளமான இரட்டை இழை சாதாரணமாக இருக்காது. அதைப் பிடிக்கவே சில புரதங்கள் காத்திருக்கின்றன. செல்லுக்குள் உள்ள சிறு பைகளில் டி.எல்.ஆர்-3, செல் திரவத்தில் ரிக்-ஐ, எம்.டி.ஏ-5. அடினோ மாதிரி டி.என்.ஏ வைரஸ் என்றால், இருக்கக் கூடாத இடத்தில் டி.என்.ஏ கிடப்பதைக் கண்டுபிடிக்க சி-காஸ் என்று வேறொன்று. இவற்றில் ஏதாவது ஒன்று தட்டுப்பட்டால் செல் இரண்டு வேலைகளைத் தொடங்கும்.

முதலாவது இன்டர்ஃபெரான். 1957இல் ஐசக்ஸும் லிண்டன்மனும் கோழிக் கருமுட்டையின் சவ்வில் கண்டுபிடித்தது. தொற்றிய செல் இதை வெளியே விடும். பக்கத்துச் செல்கள் அதை வாங்கிக்கொண்டு, வைரஸ் வருவதற்கு முன்பே நூற்றுக்கணக்கான மரபணுக்களை முடுக்கிவிடும். அவற்றில் ஒன்று வைரஸின் ஆர்.என்.ஏவை வெட்டும். ஒன்று புரத உற்பத்தியையே நிறுத்திவைக்கும். தொற்றிய செல் தப்பிக்காமல் போகலாம், ஆனால் அதைச் சுற்றியிருப்பவை தயாராகிவிடும்.

இரண்டாவது அழைப்பு. ஐ.எல்-8, ஐ.எல்-6, சி.எக்ஸ்.சி.எல்-10 போன்ற சமிக்ஞைப் பொருள்கள் கசிந்து ரத்தக் குழாய்களை விரிவடையச் செய்யும், வெள்ளையணுக்களை வரவழைக்கும். உங்கள் மகள் கண்ணில் பார்த்த சிவப்பு அதுதான், அந்த விரிந்த குழாய்கள். இமை ஒட்டிக்கொண்டது மியூசினும் கசிந்த புரதங்களும் வெள்ளையணுக்களும் காய்ந்து போனதால்.

இதைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, பார்ப்பது வேறு. வைரஸின் இரட்டை இழையைப் போலவே செயற்கையாகச் செய்த ஒரு பொருள் எங்களிடம் உண்டு. வைரஸே இல்லாமல் அதைக் கொஞ்சம் கார்னியாச் செல்களின் மேல் விட்டேன். மறுநாள் தட்டை எடுத்துப் பார்த்தால் செல்கள் பார்வைக்கு அப்படியே இருந்தன, ஓடுகள் பதித்த தரை மாதிரி. ஆனால் அந்தத் திரவத்தைச் சோதித்தால், தொடாமல் விட்ட தட்டில் இருந்ததை விட ஐ.எல்-8 பல மடங்கு. அமைதியாக உட்கார்ந்தபடியே கத்திக்கொண்டிருந்திருக்கின்றன. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

விளக்குக்கீற்று:
நான் கண் பரிசோதகர், வேலை முழுவதும் கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் விளக்கின் பின்னால்தான். செல்வாசல் தட்டில் பார்ப்பதை நான் ஆட்களிடம் பார்க்கிறேன்.

அடினோ கண்நோயில் கீழ் இமையைக் கீழே இழுத்தால் உட்புறம் ஜவ்வரிசி வேகவைத்துப் பரப்பிய மாதிரி சின்னச் சின்ன மேடுகள் தெரியும். ஒவ்வொன்றும் நிணநீர் அணுக்களின் கூட்டம். அப்புறம் காதுக்கு முன்னால், தாடை எலும்பு அசையும் இடத்துக்குச் சற்று மேலே விரலை வைத்து லேசாக உருட்டிப் பார்ப்பேன். பட்டாணி அளவில் ஒரு கட்டி தட்டுப்படும், தொட்டால் வலிக்கும். அந்தக் கண்ணின் நிணநீர் வந்து சேரும் முடிச்சு அது. வைரஸ் கண்நோயா, பாக்டீரியாவா என்று பிரித்துப் பார்க்க இந்த ஒரு விரல் சோதனை நிறைய உதவும்.

ஒரு விஷயம் சேர்க்க வேண்டும். கார்னியாவில் ரத்தக் குழாய் இல்லை என்பதால் காவலே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஓரங்களில் கிளைகள் நீட்டிய டென்ட்ரிடிக் செல்கள் என்ற காவல் அணுக்கள் எப்போதும் உண்டு. உயிருள்ள கண்ணிலேயே கன்ஃபோகல் நுண்ணோக்கியில் அவற்றைப் பார்க்கலாம். அழற்சி வந்தால் நடுப்பகுதிக்கும் நகர்ந்து வரும்.

அகவிழி:
இந்த இழையைக் கண்ணீரோடு படிக்கிறேன், உண்மையாகவே. இரண்டு வருடம் முன்பு எனக்கு மோசமான கண்நோய். முதலில் இடது கண், நான்கு நாள் கழித்து வலது. சிவப்பு போய்ச் சில வாரம் ஆன பிறகு, இரவில் தெருவிளக்கைப் பார்த்தால் சுற்றிலும் வட்டம் வட்டமாக ஒளி. எழுத்து மங்கல். கார்னியாவில் பொட்டுப் பொட்டாக வெள்ளைப் புள்ளிகள் இருக்கின்றன என்றார்கள். நோய் ஆரம்பித்தபோதே நான் ஒரு மருந்துக்கடையில் சொல்லி வாங்கிய சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தது என்பது அப்புறம்தான் தெரிந்தது. விட்டதும் இரண்டு நாளில் சிவப்பு குறைந்ததால் நல்ல மருந்து என்றே நினைத்துத் தொடர்ந்து விட்டேன். வைரஸ் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறதா? அந்தப் புள்ளிகள் வைரஸா?

செல்வாசல்:
அகவிழி, உங்கள் கவலை புரிகிறது. அந்தப் புள்ளிகள் பெரும்பாலும் உயிருள்ள வைரஸ் அல்ல. அடினோவைரஸில் 8, 37, 64 ஆகிய வகைகள் கார்னியாவையும் பிடிப்பவை. உங்கள் மகளுக்கு வந்தது மாதிரி, இரவுப்பூ அக்கா, தொண்டையும் கண்ணும் சேர்ந்து வருவது பெரும்பாலும் 3, 4, 7 போன்ற வேறு வகைகள், அவை கார்னியாவில் அவ்வளவாகப் புள்ளி விடுவதில்லை. 8, 37, 64 தொற்றும்போது எபிதீலியத்துக்குக் கீழே உள்ள செல்களும் சமிக்ஞைப் பொருள்களை விடுகின்றன, வெள்ளையணுக்கள் அங்கே வந்து குழுமுகின்றன. வைரஸ் போன பிறகும் அதன் புரதத் துணுக்குகள் கிடக்கும், அவற்றைச் சுற்றி அணுக்கள் கலையாமல் உட்கார்ந்திருக்கும். நீங்கள் பார்த்த வட்ட ஒளி அந்தக் கூட்டத்தில் பட்டுச் சிதறியது.

தோலில் இப்படி ஒரு கூட்டம் சேர்ந்தால் கொஞ்சம் வீங்கி வடிந்துவிடும், யாருக்கும் நஷ்டமில்லை. கார்னியாவில் ஒரு சிறு கூட்டம்கூடப் பார்வையை மறைக்கும். அதனால் இந்தச் செல்களுக்குச் சண்டை போடத் தெரிந்தால் மட்டும் போதாது, எங்கே நிறுத்த வேண்டும் என்றும் தெரிய வேண்டும். லாம்டா இன்டர்ஃபெரானை நான் உயர்வாக நினைப்பது இதனால்தான். அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பி முக்கியமாக எபிதீலியச் செல்களில்தான் இருக்கிறது. உடம்பு முழுக்க எழுப்பாமல், அந்த அடுக்குக்குள்ளேயே எச்சரிக்கையைப் பரப்ப முடிகிறது. வைரஸை எவ்வளவு வேகமாகக் கொல்கிறது என்று மட்டும் அளக்கிற ஆய்வுகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். தெளிவைக் காப்பாற்றியதா என்றும் அளக்க வேண்டும்.

ஸ்டீராய்டு அந்தக் கூச்சலை அடக்கும். அதனால் சிவப்பு குறையும். ஆனால் வைரஸ் இருக்கும்போது அடக்கினால் அது கண்ணில் இன்னும் அதிக நாள் தங்கும், அடுத்தவருக்கும் பரவும்.

விளக்குக்கீற்று:
அகவிழி, செல்வாசல் சொன்னதோடு ஒன்று. புள்ளிகள் வந்து பார்வை பாதித்திருக்கும் கட்டத்தில் கண் மருத்துவரே அளவாக ஸ்டீராய்டு தருவது உண்டு, அது தவறில்லை. அவர் மேற்பார்வையில் மெதுவாகக் குறைத்துக்கொண்டு வர வேண்டும், கண் அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தானாக வாங்கி விடுவதுதான் ஆபத்து. சிவந்த கண்ணுக்குக் காரணம் ஹெர்பிஸாக இருந்துவிட்டால் கார்னியாவே புண்ணாகிவிடும். உங்களுக்குப் புள்ளிகள் இன்னும் இருக்கிறதா என்று ஒருமுறை விளக்கில் பார்த்துவிடுங்கள். பலருக்கு மாதங்களில், சிலருக்கு வருடங்களில் மங்கி மறையும்.

பழுப்புநாரை:
பறவைக் காய்ச்சலைப் பற்றி யாரும் பேசவில்லையே. அது கண்ணையே பிடிக்கிறது என்று கேள்விப்பட்டேன்.

செல்வாசல்:
ஆமாம் ஐயா, விட்டுவிட்டேன். 2003இல் நெதர்லாந்தில் கோழிப் பண்ணைகளில் எச்7என்7 பரவியபோது தொற்று உறுதியான 89 பேரில் 78 பேருக்கு வந்தது கண்நோய் மட்டுமே. ஒரு கால்நடை மருத்துவர் நுரையீரல் பாதித்து இறந்தார். 2024இல் அமெரிக்காவில் எச்5என்1 கறவை மாடுகளுக்கும் பரவியது. அந்த ஆண்டு விலங்குகளிடமிருந்து தொற்றியதாக ஆராயப்பட்ட 45 பேரில் 93 சதவீதத்தினருக்குக் கண்நோய் இருந்தது.

காரணம் ஒரு சர்க்கரையின் கோணம். செல்லின் மேலிருக்கும் சர்க்கரைச் சங்கிலியின் நுனியில் சியாலிக் அமிலம் என்று ஒன்று இருக்கும். அது அடுத்த சர்க்கரையோடு எந்த இடத்தில் இணைகிறது என்பதைப் பொறுத்து 2,3 பிணைப்பு, 2,6 பிணைப்பு என்று இரு வகை. மனிதர்களிடம் பரவும் ஃப்ளூ 2,6 வகையைப் பிடிக்கும், நம் மூக்கிலும் தொண்டையிலும் அதுதான் அதிகம். பறவை ஃப்ளூ 2,3 வகையைப் பிடிக்கும், நம் கண்ணின் மேற்பரப்பில் அது ஏராளம். நான் முன்னே சொன்ன 37ஆம் அடினோவும் சியாலிக் அமிலத்தைப் பிடித்தே ஏறுகிறது.

ஆனால் கண்ணீரில் மிதக்கும் மியூசின் மேலும் அதே சர்க்கரைகள் உண்டு. வைரஸ் செல் என்று நினைத்து மியூசினைப் பிடித்துக்கொள்ளும், ஒரு இமைப்பில் மூக்குக்குள் அடித்துச் செல்லப்படும். ஃப்ளூ வைரஸ் இதற்கும் வழி வைத்திருக்கிறது, நியூராமினிடேஸ் என்ற கத்தரி, பிடித்த சர்க்கரையை வெட்டித் தன்னை விடுவித்துக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். தட்டில் வளர்த்த செல்களுக்கு மேல் கண்ணீர் ஓடாது, இமை மூடாது. பல ஆய்வகங்களில் புழங்கும் கார்னியாச் செல் வரிசைகள் சாகாமல் இருப்பதற்காக வேறு வைரஸின் மரபணுவைப் புகுத்தி உருவாக்கியவை. அவற்றின் இன்டர்ஃபெரான் பதில் இயல்பான செல்லின் பதிலாக இருக்க வேண்டியதில்லை. "கண் செல்லில் வைரஸ் பெருகியது" என்று செய்தி வந்தால் எந்தச் செல், எப்படி வளர்த்தது என்று கேளுங்கள்.

பழுப்புநாரை:
தட்டம்மையும் மூச்சு வழியே பரவுவதுதான், அதையும் இங்கே எழுதி வைக்கிறேன். தட்டம்மையில் கண் சிவந்து வெளிச்சம் கூசுவது வைரஸ் கண்ணின் எபிதீலியத்தையும் தொடுவதால். வைட்டமின் ஏ குறைந்த குழந்தையாக இருந்தால் கோப்பைச் செல்கள் ஏற்கெனவே அழிந்திருக்கும், மேற்பரப்பு வறண்டு தோல் மாதிரித் தடித்திருக்கும். அந்தக் கண்ணில் தட்டம்மை விழுந்தால் கார்னியா கரைந்துபோய்ப் பார்வை பறிபோகும். அதனால்தான் தட்டம்மை வந்த குழந்தைகளுக்கு அடுத்தடுத்து இரண்டு நாள் வைட்டமின் ஏ கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு வயது தாண்டியவர்களுக்கு ஒரு வேளைக்கு 2,00,000 அலகு, மருத்துவர் கையால். செல்வாசல் சொன்ன செல்கள் எல்லாம் சாப்பாட்டை நம்பித்தான் இருக்கின்றன.

இரவுப்பூ:
இவ்வளவு பொறுமையாகச் சொன்னதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மகளிடம் அந்த ஊசிமுனைத் துளையைக் கண்ணாடியில் காட்டினேன், பத்து நிமிடம் நகரவே இல்லை. கடைசியாக ஒன்று. அவளுக்கு இடது கண்ணில் நோய் வரவே இல்லை. இனி வருமா? வீட்டில் கை துடைக்க ஸ்பிரிட் ஜெல்தான் வைத்திருக்கிறேன், போதுமா?

விளக்குக்கீற்று:
அடுத்த கண்ணுக்கு வருவதென்றால் பெரும்பாலும் சில நாளிலேயே வந்திருக்கும். ஆனால் கண் தெளிந்த பிறகும் வைரஸ் சில நாள் வெளியே வரும், ஆரம்பித்த நாளிலிருந்து இரண்டு வாரம் வரைக்கும் துண்டு, தலையணை உறை தனியாக இருக்கட்டும். ஜெல்லை மட்டும் நம்ப வேண்டாம். அடினோவைரஸுக்குக் கொழுப்பு உறை கிடையாது, அதனால் ஆல்கஹாலுக்கு அவ்வளவு எளிதில் மசியாது, காய்ந்த பரப்பிலும் பல நாள் தாக்குப்பிடிக்கும். சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். நானும் ஒவ்வொரு சிவந்த கண்ணுக்குப் பிறகும் கருவியின் தாடைத் தாங்கியைத் துடைத்துவிட்டு அதைத்தான் செய்கிறேன்.